டிப்பர் பாடிக்கு லைனர்: எதைப் போடுவது, எப்படிப் பொருத்துவது, எங்கே கிழியும்

லைனர் எல்லா டிப்பருக்கும் தேவையா?

தேவையில்லை. லைனர் என்பது பாடியின் உள்ளே தளத்திலும் சுவரிலும் போடும் ஷீட் அல்லது தகடு. காய்ந்த 20 மி.மீ., 40 மி.மீ. ஜல்லி மட்டும் அடிக்கிற வண்டியில் லோடு ஒட்டாது. 8 மி.மீ. சாதா இரும்புத் தளம் பல வருடம் தாங்கும். பின் கதவு ஓரம் மெலிந்தால் அங்கே மட்டும் ஒரு பட்டைத் தகடு அடித்தால் போதும்.

லைனர் இரண்டு வேறு வேலைகளுக்காக வந்தது. ஒன்று, ஈரமான சரக்கு பாடியில் ஒட்டாமல் வழுக்கி இறங்குவது. மற்றது, கல் விழுந்து தளம் நசுங்காமலும் தேயாமலும் இருப்பது. முதல் வேலைக்குப் பிளாஸ்டிக், இரண்டாவதற்குக் கடின இரும்பு அல்லது ரப்பர். ஒட்டாமல் இருக்கப் பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிட்டு அதில் உடைகல் ஏற்றுவதும், தேயாமல் இருக்க இரும்புத் தகடு போட்டுவிட்டுச் சவுடு இறங்கவில்லையே என்று கடப்பாரை எடுப்பதும் தினம் நடக்கிறது. லைனரைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி இந்தக் குழப்பத்தில் பிறந்தவைதான்.

எந்த லோடுக்கு எந்த லைனர்?

ஈர எம்-சாண்ட், சவுடு, களிமண், கிராவல், ஈரப்படுத்திய நிலக்கரிச் சாம்பல், உப்பு: இவற்றுக்கு யு.எச்.எம்.டபிள்யூ என்று கடைகளில் சொல்லும் மிகை மூலக்கூறு எடை பாலிஎதிலீன் ஷீட். வழுக்கும், தண்ணீரை உறிஞ்சாது, மணல் உராய்வைச் சாதா இரும்பைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கூர்முனைக் கல் விழுந்தால் கீறும், வெப்பம் ஆகாது.

குவாரிக்குள் உடைகல், போல்டர் ஓட்டும் வண்டிக்கு 400 அல்லது 450 பிரினெல் (கடினத்தை அளக்கும் எண்) கடினத்தகடு. ஹார்டாக்ஸ் என்ற பிராண்டின் பெயரே இதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. சாதா இரும்பின் கடினம் 120 முதல் 150 பிரினெல் வரை. வித்தியாசம் அங்கேயே தெரியும். புதிதாகப் பாடி கட்டுகிறீர்கள் என்றால் லைனராக மேலே போடாதீர்கள். தளத்தையே கடினத்தகட்டில் கட்டச் சொல்லுங்கள். இரட்டைத் தகட்டின் எடையும் இடையில் துருவும் மிச்சம்.

பெரிய கல் உயரத்திலிருந்து விழும் இடத்தில் ரப்பர். அடியை உள்வாங்கும், சத்தமும் குறையும். டீசல், எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பருக்கும், கவனம்.

பாலியூரியா ஸ்ப்ரே கோட்டிங் துருவைத் தடுக்க நல்லது. கருங்கல்லுக்கு முன் நிற்காது.

எல்லாமும் கலந்து ஓட்டுகிற வண்டி என்றால், மாதத்தில் அதிக நாள் எது ஏறுகிறதோ அதற்குப் போடுங்கள். வாரத்தில் ஒருநாள் மட்டும் வரும் போல்டர் லோடு பிளாஸ்டிக் லைனரின் ஆயுளை விழுங்கிவிடும். அந்த லோடை மறுப்பது லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லைனர் எடையால் லோடு எவ்வளவு குறையும்?

16 கன மீட்டர் பாடியை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு தோராயமாக 5 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் உயரம். நம்மூர்க் கணக்கில் ஐந்தரை யூனிட்டுக்குச் சற்று மேல் (1 யூனிட் 100 கன அடி). தளம் 11.5 சதுர மீட்டர்.

தளத்துக்கு மட்டும் போட்டால், 10 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் சுமார் 108 கிலோ. 20 மி.மீ. ரப்பர் 260 கிலோ அளவில். 6 மி.மீ. இரும்புத் தகடு 540 கிலோ. 8 மி.மீ. என்றால் 720.

6 மி.மீ. தகடு போட்ட வண்டி நாளுக்கு 5 நடை, மாதம் 25 நாள் ஓடினால் 67.5 டன் சரக்கு குறைகிறது. எடை வரம்பை மீறி அதைச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்: 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. ஈரச் சவுடு தட்டிவிட்டுத் திரும்பும் வண்டியை ஒருநாள் வெறும் வண்டியாக எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். மூலையிலும் முன்பலகை ஓரத்திலும் ஒட்டியிருப்பது நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும். அதை ஊர் ஊராகச் சுமந்து திரிகிறீர்கள். 108 கிலோ ஷீட் அங்கேயே தன் எடையை ஈடுகட்டிவிடும்.

லைனர் போட்டதும் கிரஷரில் பதிந்து வைத்திருக்கும் உங்கள் வண்டியின் காலி எடையை மாற்றச் சொல்ல மறக்காதீர்கள். பழைய எடையிலேயே ரசீது போட்டால் லைனரையும் ஜல்லி விலைக்கு வாங்குவீர்கள்.

பிளாஸ்டிக் ஷீட் எத்தனை மி.மீ. எடுக்கலாம்?

மணல், சாம்பல், உப்புக்கு 8 போதும். கிராவல், கலப்பு மண்ணுக்கு 10. கல் கலந்து வரும் என்றால் 12. பக்கச் சுவர்களுக்கு 6 போதும், அதுவும் முழு உயரம் தேவையில்லை. கீழிருந்து 600 மி.மீ. வரை போட்டாலே ஒட்டும் சரக்கின் பெரும்பகுதி கழன்றுவிடும். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சுவரில் பிடியுங்கள், தளத்தில் வேண்டாம்.

ஹெச்.டி.பி.இ. (உயர் அடர்த்தி பாலிஎதிலீன்) ஷீட்டை யு.எச்.எம்.டபிள்யூ என்று சொல்லி விற்கிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்தால் தெரியாது. இரண்டும் கறுப்பு, இரண்டும் தண்ணீரில் மிதக்கும். மிதக்கவிட்டுக் காட்டுவது ஒரு சோதனையே அல்ல. நைலான், பிவிசி இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும்.

நெருப்பு காட்டிவிடும். ஓரத்திலிருந்து தீக்குச்சி அளவு சீவல் ஒன்றைச் சீவி, இடுக்கியில் பிடித்து லைட்டரில் காட்டுங்கள். ஹெச்.டி.பி.இ. உருகிச் சொட்டும், குச்சியால் தொட்டு இழுத்தால் நூலாக வரும். அசல் யு.எச்.எம்.டபிள்யூ சொட்டாது. மெழுகும் ரப்பரும் கலந்தாற்போல் கொழகொழத்துத் தன் உருவத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். வெள்ளை ஷீட்டாக இருந்தால் அந்த இடம் கண்ணாடிபோல் தெளிவதையும் பார்க்கலாம்.

பெரிய ஆர்டர் என்றால் ஏ.எஸ்.டி.எம். டி4020 தரத்துக்கான சான்றிதழ் கேளுங்கள். அடர்த்தி 0.93 முதல் 0.94 வரை இருக்க வேண்டும். 0.95க்கு மேல் போட்டிருந்தால் அது ஹெச்.டி.பி.இ. வெயிலில் நிற்கிற வண்டிக்கு புற ஊதாக் கதிர் தாங்கும் கறுப்பு ஷீட்தான் வாங்க வேண்டும். வெறும் வெள்ளை ஷீட் நாளடைவில் சுண்ணாம்பு பூத்து நொறுங்கும்.

பசை போட்டு ஒட்டிவிடலாமா?

சவுடே ஒட்டக்கூடாது என்று வாங்கிய ஷீட்டில் பசை மட்டும் எப்படி ஒட்டும்? போல்ட்தான் வழி.

பிளாஸ்டிக் லைனரைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

இங்கேதான் லைனர் பிழைக்கிறதா சாகிறதா என்பது தீர்மானமாகிறது. ஷீட் தேய்ந்து போய் மாற்றுவது அபூர்வம். விளிம்பு தூக்கி, அடியில் சரக்கு புகுந்து, கிழிந்து மாற்றுவதுதான் அதிகம்.

முதலில் தளம். பள்ளமாக நசுங்கிய இடங்களைத் தட்டிச் சமமாக்கி, வெல்டிங் மேடுகளைக் கிரைண்டரில் சீவுங்கள். மேடு விட்டால் ஷீட் அந்த இடத்தில் மட்டும் அடி வாங்கி ஓட்டையாகும். துருவைச் சுரண்டி, பிரைமரும் எபாக்ஸி பெயின்டும் அடித்துக் காயவிடுங்கள். ஷீட் போட்ட பிறகு அந்த இரும்பை நீங்கள் பார்க்கப்போவதில்லை.

அடுத்து விரிவு. இந்தப் பிளாஸ்டிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளும். இரும்பு 0.012 மி.மீ. மட்டும். காலை 30 டிகிரியில் 5 மீட்டர் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் இறுக்கிப் போல்ட் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். மே மாத மத்தியானம் கறுப்பு ஷீட் 65 டிகிரியைத் தொட்டால் அது 35 மி.மீ. நீளும், பாடியோ 2 மி.மீ. தான். மிச்ச 33 மி.மீ. எங்கே போகும்? நடுவில் அப்பளம்போல் பொங்கும். பொங்கிய இடத்தில் அடுத்த லோடு விழுந்தால் மடிப்பாகிக் கிழியும்.

அதனால் ஷீட்டை முன்பலகைப் பக்கம் மட்டும் அசையாமல் பிடித்து, பின்பக்கம் ஓட விட வேண்டும்.

முன் விளிம்பில் முழு அகலத்துக்கும் 50×6 மி.மீ. பட்டைத் தகடு வைத்து, 150 மி.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. போல்ட். கல்லும் மண்ணும் நகர்வது முன்னிருந்து பின்னாக. முன் விளிம்பு மூடியிருந்தால் அடியில் நுழைய வழியில்லை. பக்கச் சுவர் ஷீட்டின் மேல் விளிம்புக்கும் இதேபோல் பட்டை, 300 மி.மீ.க்கு ஒரு போல்ட். அந்த ஓட்டைகளை ஷீட்டில் நீளவாக்கில் காடியாக (நீண்ட துளையாக) வெட்டுங்கள்: முன்பலகைப் பக்கம் சிறிதாக, பின்னால் போகப் போக நீளமாக, கடைசிக் காடி 40 மி.மீ. வரை. பின் விளிம்பு கதவுக்கு 50 மி.மீ. முன்பே முடியட்டும், அங்கே போல்ட் வேண்டாம். முழு நீளம் போட்டுவிட்டால் வெயிலில் ஷீட் கதவை முட்டும், கதவு பூட்டாது.

தளமும் சுவரும் சேரும் மூலையில் இணைப்பு வராமல், தளத்து ஷீட்டையே வளைத்துச் சுவரில் ஏற்றினால் மிக நல்லது. மூலை உருண்டையானால் சரக்கும் அங்கே தங்காது. ஒரே துண்டாகக் கிடைக்காமல் இணைக்க வேண்டி வந்தால் ஓடு வேய்கிற முறைதான்: முன் துண்டு மேலே, பின் துண்டு அடியில். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு நடையும் இணைப்புக்குள் மண்ணைத் திணிக்கும்.

தலை அகன்று தட்டையாக இருக்கும் எலிவேட்டர் போல்ட் வாங்குங்கள். பட்டை இல்லாத இடத்தில் தலையை ஷீட் மட்டத்துக்குக் கீழே 3 மி.மீ. இறக்க வேண்டும். அடியில் பெரிய வாஷர், நைலாக் நட்டு. வெட்டுவதற்குக் கிரைண்டர் சக்கரம் எடுக்காதீர்கள், அது ஷீட்டை உருக்கிப் பிசுபிசுக்க வைக்கும். தச்சரின் வட்ட ரம்பம் போதும்.

இந்தப் பிளாஸ்டிக் அழுத்தத்துக்கு மெதுவாக விட்டுக்கொடுக்கும் குணம் உடையது. முதல் நாள் இறுக்கிய போல்ட் பத்துப் பதினைந்து லோடில் தளரும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை மறுபடி இறுக்கினால் அதன்பின் அடங்கிவிடும். பட்டறையில் பொருத்தி வெளியே வந்த வண்டி திரும்ப அங்கே போவதே இல்லை. முதல் மழையில் போல்ட் ஒவ்வொன்றாக உதிரும்.

லைனர் இருக்கும்போது பாடியில் வெல்டிங் செய்யலாமா?

அடிப்பக்கம் வெல்டு வைத்தாலும் மேலே ஷீட் உருகும், பற்றியும் எரியும். அந்தப் பகுதி போல்டைக் கழற்றி ஷீட்டைத் தூக்கிக் கட்டை கொடுத்த பிறகே வெல்டிங். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். முடித்த பின் அரை மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே நிற்கட்டும். பிஎஸ்6 வண்டி என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கம்பெனி கையேடு சொல்லும் ஈசியூ (வண்டியின் கணினி) இணைப்புகளையும் பிடுங்குங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள். மின்சாரம் பாடியைத் தூக்கும் ஜாக்கி வழியாகவோ கீல் ஆணி வழியாகவோ போனால் அவற்றின் வழவழப்பான பரப்பில் குழி விழுந்துவிடும்.

கடினத்தகடு லைனரில் வெல்டு விடுகிறதே, ஏன்?

பெரும்பாலும் வெல்டிங் ராடு. சாதா ராடில் ஈரம் இருக்கும், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் கடினத்தகட்டில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். 7018 வகைக் குறைந்த ஹைட்ரஜன் ராடை, டப்பாவில் போட்டிருக்கும் வெப்பத்தில் அடுப்பில் காயவைத்து, சூடாகவே எடுத்து அடியுங்கள். தகட்டிலும் ஈரம், பெயின்ட், துரு இருக்கக்கூடாது. இரண்டாவது, கேஸ் கட்டரில் காட்டிக் காட்டித் தகட்டை வளைப்பது. 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தப் பகுதியின் கடினம் இறங்கும். அப்புறம் அது கடினத்தகடு விலைக்கு வாங்கிய சாதா தகடுதான்.

வெல்டு கோடுகள் வண்டியின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே போனால் இறங்கும் கல் ஒவ்வொரு முறையும் அதைச் சீவும்.

தார் கலவை ஏற்றலாமா?

சாதாரண யு.எச்.எம்.டபிள்யூ ஷீட்டில் கூடாது. அது 130 டிகிரியைத் தாண்டினாலே உருகும். தொடர்ந்து வேலை செய்ய 80 டிகிரிதான் எல்லை. தார் கலவை பிளான்ட்டை விட்டு வரும்போதே 150, 160 டிகிரி. தார் ரோடு வேலைக்கு வெறும் இரும்புப் பாடிதான் சரி. ஒட்டாமல் இருக்க டீசல் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது தாரைக் கரைத்து ரோட்டைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் அல்லது சுண்ணாம்புத் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்து, தேங்கியதை வடித்துவிட்டு ஏற்றுங்கள்.

பழைய கன்வேயர் பெல்ட்டை விரித்துக்கொள்ளலாமா?

கிரஷரில் சும்மா கிடைக்கும், அடியும் தாங்கும். துணி அடுக்கு பெல்ட் என்றால் தற்காலிகத்துக்குப் போடலாம். உள்ளே இரும்புக் கயிறு ஓடும் பெல்ட் வேண்டாம், தேய்ந்ததும் கம்பி நீட்டி ஆளையும் டயரையும் குத்தும். ஒட்டும் சரக்குக்கு இதனால் பயன் குறைவு.

லைனர் போட்ட பிறகு லோடு தட்டுவதில் எதை மாற்ற வேண்டும்?

டிரைவரிடம் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வெறும் இரும்புப் பாடியில் 45 டிகிரி தூக்கினாலும் அசையாமல் நிற்கிற ஈர மண், புது ஷீட்டில் அதற்கு வெகு முன்பே மொத்தமாக இறங்கும். பின் கதவுப் பூட்டை எடுக்காமல் தூக்கினால் பல டன் ஒரே அடியில் கதவில் மோதும். கீல் பிய்யும், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகவே பூட்டை எடுத்த பிறகே ஜாக்கி. மெதுவாகத் தூக்குங்கள், சரக்கு நகரத் தொடங்கிய இடத்தில் நிறுத்துங்கள், மிச்சத்துக்கு மட்டும் மறுபடி தூக்குங்கள்.

சரிவான தரையில் தட்டவே கூடாது. பாதி லோடு ஒருபக்க மூலையில் ஒட்டி நின்று வண்டி சாய்வது லைனர் இல்லாத வண்டியின் ஆபத்து. லைனர் தேய்ந்து ஒருபக்கம் மட்டும் சொரசொரப்பான வண்டிக்கும் அதே ஆபத்து உண்டு. ஒட்டிய மண்ணைத் தள்ள, தூக்கிய பாடிக்குள் ஆளை ஏற்றாதீர்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

ஏற்றும்போது?

லைனரின் பெரிய எதிரி ஹிட்டாச்சியின் பக்கெட் பல். முதல் பக்கெட் எப்போதும் பொடிச் சரக்கு, தளத்துக்கு அருகில் இறக்கி மெதுவாகக் கொட்டட்டும். அது மெத்தையாகிவிட்டால் அடுத்தடுத்த கல் அதன்மேல் விழும். ஒட்டியதை ஜேசிபி பக்கெட்டால் சுரண்டிவிடுகிறேன் என்று ஆபரேட்டர் உதவ வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் மண்வெட்டி போதும்.

வாராவாரம் எதைப் பார்ப்பது?

பத்து நிமிட வேலை. பாடி காலியாக, கீழே இறங்கியிருக்கும்போது ஒரு சின்னச் சுத்தியலோடு உள்ளே ஏறுங்கள். தளத்தை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனால், அடியில் மண் புகுந்த இடத்தில் சத்தம் மாறும். முன் பட்டையின் போல்ட் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். மூலைகளில் கீறலைத் தேடுங்கள்.

பின்பக்க மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கவனியுங்கள். முன்னால் கிடந்த லோடு உட்பட மொத்தமும் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டுதான் வெளியேறுகிறது. பின் விளிம்பு திறந்திருப்பதால் வெர்னியரில் தடிமன் எடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். பட்டை இல்லாத போல்ட் தலைகளும் அளவுகோல்தான்: 3 மி.மீ. பள்ளத்தில் இருந்த தலை ஷீட் மட்டத்துக்கு வந்துவிட்டால், அந்த இடத்தில் 3 மி.மீ. போய்விட்டது.

உப்பு, சாம்பல் ஓட்டும் வண்டிக்குத் தனியாக ஏதும் உண்டா?

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் ஓடும் வண்டிகளில் ஷீட் புதிதாகவே இருக்கும், அடியில் தளம் பிஸ்கட்டாகியிருக்கும். உப்புத் தண்ணீர் காடி வழியாக இறங்கி அங்கேயே தங்குவதுதான் காரணம். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பாடியைச் சற்றுத் தூக்கி வடியவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஷீட்டையே கழற்றி, தளத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து மாட்டுங்கள். சாம்பல் ஈரத்தோடு அடியில் புகுந்து காய்ந்தால் சிமென்ட்போல் இறுகி ஷீட்டைத் தூக்கும். அதற்கும் இதே மருந்து.

ஓட்டை விழுந்தால் மொத்த ஷீட்டையும் மாற்ற வேண்டுமா?

உள்ளங்கை அளவு என்றால் வேண்டாம். சேதமான பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து, அடியைச் சுத்தம் செய்து, அதே தடிமன் துண்டை 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்தி நான்கு மூலையிலும் போல்ட் போடுங்கள். வெட்டிய மூலைகளைக் கூராக விடாமல் உருட்டுங்கள், கூர்மூலையில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும். மேலே ஒட்டுப் போடாதீர்கள், முதல் லோடே பெயர்த்துவிடும்.

பின்பகுதி முழுவதும் பாதித் தடிமனுக்கு இறங்கிவிட்டதா? சுவரில் ஏற்றாமல் தளம் மட்டும் மூடிய ஷீட் என்றால், கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். தேய்ந்த பக்கம் முன்பலகை ஓரத்துக்குப் போகும், அங்கே உராய்வு குறைவு. போல்ட் ஓட்டைகள் மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதுவும் தேய்ந்த பின் எரிக்காதீர்கள். நல்ல பகுதிகளை வெட்டி எடுத்து வைத்தால் அடுத்த ஓட்டைக்குத் துண்டு தயார்.